முப்பத்தொரு வயதில் ஒரு விண்ணப்பம்

திருவனந்தபுரத்திற்கு வந்து சேரும் தமிழர் பெரும்பாலோர் முதலில் கால் ஊன்றுவது தம்பானூரில்தான். 1931 ஆம் ஆண்டு இரயில் பாதை சாலைப் பக்கத்திலிருந்து இங்கு நீட்டப்பட்ட நாள்தொட்டு இதுவே வழக்கம். ஒருபுறம் நாகர்கோவில் வண்டி வந்து நிற்கும். எதிர்ப்புறத்திலிருந்து தென்காசிப் பேருந்து புறப்படும். பெருமழை ஒன்று பெய்தால் இரண்டுக்கும் இடையே முழங்கால் நீர் தேங்கும். அந்நீரைக் கடந்து அலுவலகம் சென்று, கோப்புகளுக்கு நடுவே அமர்ந்து, மாலையில் அதே நீரைக் கடந்து வீடு திரும்பும் மத்திய அரசு எழுத்தர் கூட்டத்தில் நாமும் ஒருவர்.

நாம் பெற்றது வரலாற்றில் பி.ஏ. பட்டம். வேறு பெருமை இல்லை. ஆயினும் படிவம் நிரப்புவதில் நமக்குச் சிறிது பெயர் உண்டு. எல்லைக்கு இருபுறமும் வேர் வைத்த குடும்பங்களுக்குச் சான்றிதழ்த் தொல்லை எத்தகையது என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிறப்புச் சான்று தென்காசியில், குடும்ப அட்டை கரமனையில், பிள்ளையின் பள்ளிச் சான்று மலையாளத்தில் என்று வருவார்கள். விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் தொழிலால் நமக்கு வாய்த்தது. அதனால் யாருக்கேனும் பயன் உண்டென்றால் மகிழ்ச்சியே.

2023 ஐப்பசியில் நம் அலுவலகத்துப் பல்பணி ஊழியர் ஒருவர் உணவு இடைவேளையில் நம் மேசைக்கு வந்தார். செங்கோட்டைக்கு அருகில் ஒரு சிற்றூர் அவர் ஊர். அப்போது வயது 29; மணமாகாதவர். நம்மை அண்ணாச்சி என்றும் நம் இல்லாளை மதினி என்றும் அழைப்பவர். ஞாயிறுதோறும் நம் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. ஏதோ கூட்டுறவுக் கடன் படிவம் என்றே எண்ணினோம்.

"அண்ணாச்சி, மாட்டு டாக்டருக்குப் படிக்கணும்னு இருக்கேன். இந்த வயசுல சேத்துக்கிடுவாங்களா?"

நாம் சிரிக்கவில்லை. அவர் கையில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் இருந்தது. பிளாஸ்டிக் உறையிலிட்டு, கசங்காமல் காத்து வைத்திருந்தார். 2012 மார்ச் மாதத் தேர்வு. உயிரியல் 118, வேதியியல் 104, இயற்பியல் 91, ஆங்கிலம் 109, ஒவ்வொன்றும் 200க்கு. தேறியவர், ஆனால் எந்தக் கல்லூரியும் வருந்தி அழைக்காத மதிப்பெண்.

ஆசை எப்படி வந்தது என்று கேட்டோம். பத்தாம் வகுப்புப் படிக்கையில் அவர் வீட்டுப் பசு ஈன முடியாமல் ஓர் இரவு முழுதும் கிடந்ததாம். கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிக் கொண்டது. அன்றிரவு மருத்துவர் வேறோர் ஊரில் வேறொரு மாட்டுக்கு அருகில் இருந்தார். வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. பசுவும் பிழைக்கவில்லை, கன்றும் பிழைக்கவில்லை. மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே, மடங்கிய காலை உள்ளே தள்ளி நிமிர்த்தியிருந்தால் வெளியே வந்திருக்கும் என்று எவருக்கோ சொன்னாராம். விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுவனின் காதில் அது விழுந்தது. பிறகு பிளஸ் டூ, தபால் வழியில் ஒரு பட்டம், 2018 இல் அரசுப் பணி என்று காலம் ஓடியது. அந்தச் சொல் மட்டும் உள்ளேயே கிடந்தது.

சரி, விதிகளைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். வயது பெருந்தடையாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். நீட் தேர்வுக்குப் பொதுப்பிரிவினருக்கு 25 என்றும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றும் உச்ச வயது வரம்பு முன்பு இருந்ததும், 2018 இல் அது நீதிமன்றங்களில் வழக்காடப்பட்டதும் பலர் நினைவில் இருக்கும். 2022 இல் தேசிய மருத்துவ ஆணையம் அவ்வரம்பை நீக்கிவிட்டது. தேர்வு எழுதும் உரிமைக்கு வயது இப்போது குறுக்கே நிற்பதில்லை. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் கணக்கில்லை.

மதிப்பெண் வேறு கதை. இங்கேதான் ஆரியங்காவுக் கணவாயின் இருபுறமும் இருவேறு உலகங்கள் இருப்பதைக் கண்டோம். தமிழகத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தன் மாநில இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்புகிறது. உயிரியலை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் சுருக்கி, 200க்குக் கணக்கிடுவார்கள். நம்மவர் கணக்கு 107.75 வந்தது. 190க்கு மேல் பெற்றவர்கள் திரளாக நிற்கும் வரிசை அது. பதினேழு வயதில் ஒரு பங்குனி மாதத்தில் வாங்கிய எண், கல்வெட்டுப் போல மாறாது நிற்கிறது. ஊருக்கு மிக அருகில் இராமையன்பட்டியில் 2012 இல் கல்லூரி தொடங்கப்பட்டது. அவர் தேர்வு எழுதியதும் அதே ஆண்டில்தான். ஆனால் அந்தக் கதவு அவருக்கு அடைபட்ட கதவு.

கேரளத்தில் மாநில இடங்களுக்கு நீட் தரவரிசையே அளவுகோல். இந்தியக் கால்நடை மருத்துவக் கழகம் நாடு முழுவதற்குமாகப் பிரித்து வைக்கும் 15 விழுக்காட்டு இடங்களுக்கும் அதுவே. அங்கெல்லாம் பழைய மதிப்பெண் வாயிற்படி மட்டும்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் மொத்தமாகப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடு பெற்றிருந்தால் போதும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சற்றுக் குறைவு. நம்மவருக்கு 52.75 இருந்தது. மயிரிழையில் உள்ளே வந்துவிட்டார். அதன்பின் நீட் தேர்வில் இன்றைக்கு என்ன தெரியும் என்பதைத்தான் கேட்கிறார்கள். 2012 இல் என்ன தெரியும் என்பதை அன்று.

கேரளத்து நுழைவுக் கையேடு மனிதரைக் கேரளீயர் என்றும் கேரளீயர் அல்லாதார் என்றும் பிரித்து, அல்லாதாரையும் இரு வகையாக்கி வைத்திருக்கிறது. இங்கே பணியாற்றும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கும், இத்தனை ஆண்டு குடியிருந்தோருக்கும் அதில் தனி வரிகள் உண்டு. எந்த வகையினர் எந்த இடத்திற்கு என்பதை ஒவ்வோராண்டும் புதிதாகப் படிக்க வேண்டும். சென்ற ஆண்டுக் கையேட்டை நம்பலாகாது. அகில இந்திய இடங்களுக்கு மட்டும் பிறந்த மாநிலத்தைக் கேட்பதில்லை. வேர் எங்கே என்று கேட்கப்படாத ஒரு வரிசையைக் காண்பது, நம்மைப் போன்ற குடிபெயர்ந்தோருக்கு ஓர் ஆறுதல்.

அடுத்துப் பார்த்தது விடுப்பு விதி. கால்நடை மருத்துவப் பட்டம் நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டு. 1972 ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப்பணி விடுப்பு விதிகளின் 12 ஆம் விதி, எந்த வகை விடுப்பாயினும் தொடர்ந்து ஐந்தாண்டுக்கு மேல் கொடுக்கலாகாது என்கிறது. படிப்பு விடுப்போ மொத்தப் பணிக்காலத்திலும் 24 மாதம். அதுவும் பார்க்கும் வேலைக்குத் தொடர்புள்ள படிப்பாக இருத்தல் வேண்டும். கோப்பு சுமப்பவருக்கும் கோமாரி நோய்க்கும் என்ன தொடர்பைக் காட்டுவது? ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடையே அந்த அரையாண்டு, ஓர் ஆளின் பிழைப்பையே விழுங்கும் அளவுக்குப் பெரிதாய்த் தெரிந்தது. இடம் கிடைத்தால் வேலையை விட வேண்டும். வேறு வழி இல்லை. இடம் கையில் வரும் முன் விலகல் கடிதம் எழுதக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னோம். படிக்கும் வரை ஈட்டிய விடுப்பு இருக்கிறது.

குறுக்கு வழியும் ஒன்று சொன்னோம். கால்நடைத் துறையில் பட்டயப் படிப்புகள் இருக்கின்றனவே, காலமும் பணமும் மிச்சமாகுமே என்றோம். அவர் அதையும் விசாரித்து வைத்திருந்தார். 1984 ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம், பட்டயம் பெற்றோர் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகள் மட்டுமே செய்ய இடமளிக்கிறது. "நல்ல வேலதான் அண்ணாச்சி. ஆனா ராத்திரி மாடு கிடக்கும்போது, டாக்டர் வரட்டும்னு நானும் காத்துக்கிட்டுத்தான நிக்கணும்?" என்றார். நாம் அந்தப் பேச்சை அத்துடன் விட்டோம்.

அவர் தாயார் விட்டுவிடவில்லை. "மாட்டப் பாக்கதுக்குப் படிப்பு எதுக்கு? கெடச்ச கவர்மெண்டு வேலைய விட்டுப்போட்டு மாட்டு வாலப் பிடிக்கப் போறியா?" என்று தொலைபேசியில் ஒரு மாதம் அழுதார். அந்த அம்மையாரை நாம் குறை சொல்ல மாட்டோம். கணவரை இழந்து, இரண்டு பசுக்களின் பாலை விற்று மகனைப் படிக்க வைத்தவர். மகன் அரசு முத்திரை பதித்த அடையாள அட்டையோடு வந்த நாளில்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம்மவர் குடும்பங்களில் இந்த அச்சம் ஆழமானது. கணவாய் தாண்டி வந்தது மாதச் சம்பளத்திற்காக. அதைக் கையை விட்டு நழுவ விடுபவன் தன் பங்கை மட்டும் இழப்பதில்லை, வந்த பயணத்தையே பொய்யாக்குகிறான் என்று முதியோர் நினைக்கிறார்கள். நம் இல்லாள் தாயாரின் பக்கமே நின்றாள். பெண் பார்க்க வேண்டிய வயதில் புத்தகம் பார்ப்பதாவது என்பது அவள் வாதம். ஆயினும் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றில் குறை வைக்கவில்லை.

படிப்பு தொடங்கியது. இதில் நமக்கு வேலை இல்லை, பி.ஏ. வரலாறு இயற்பியலுக்கு உதவாது. ஆசிரியையாக வாய்த்தவள் நம் மகள்தான். அப்போது பிளஸ் ஒன் மாணவி, ஆங்கில வழி. அவரோ அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். அவள் மொமெண்டம் என்பாள், அவர் விழிப்பார். விளக்கம் சொல்லச் சொல்ல முகம் மலர்ந்து "உந்தமா பாப்பா?" என்பார். அவள் என்சைம் என்பாள். அவர் நொதி என்பார். ஓர் ஆண்டுக்குள் நம் கூடத்தில் ஒரு சிறு கலைச்சொல் அகராதியே உருவாகிவிட்டது. தமிழ் நாடகமும் பாட்டும் கேட்டு வளர்ந்தும் அறிவியலைத் தமிழில் கேட்டறியாத நம் மகளுக்கு, நியூட்டன் தமிழிலும் பேசுவார் என்பது புதுமை. சித்தப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான் தனக்கே இயற்பியல் விளங்கிற்று என்று அவள் சொல்வதுண்டு. மாலை வேளைகளில் அவர் பாளையத்து மத்திய நூலகத்தில் இருப்பார். 1829 இல் தோன்றிய அந்நூலகத்தில் நாற்பது பக்கம் படிக்காமல் எழுவதில்லை என்று ஒரு நோன்பு.

மொழி தொடர்பாக ஒரு செய்தி. பிள்ளைகளைத் தமிழ் வழியில் படிக்க வைத்தோர் கவனிக்க வேண்டுவது. நீட் வினாத்தாள் தமிழிலும் உண்டு. ஆயினும் வட்டார மொழி வினாத்தாள் அந்தந்த மொழிக்குரிய மாநிலத்து மையங்களில்தான் கிடைக்கும். கேரளத்து மையத்தை எடுத்தால் மலையாளம் கிடைக்கும், தமிழ் கிடைக்காது. ஆதலின் தம்பானூரில் குடியிருந்துகொண்டு திருநெல்வேலியைத் தேர்வு நகரமாகக் குறித்தோம். விண்ணப்பத்தில் மொழிக்கும் நகரத்திற்கும் உள்ள இந்த முடிச்சை அறியாமல், தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதத் தலைப்படும் பிள்ளைகள் இருக்கக் கூடும்.

2024 மே 5 ஆம் நாள் முதல் முறை எழுதினார். 720க்கு 214. சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று குறைவு என்ற கணக்கில், தெரியாததைத் தொட்டு இழந்ததே மிகுதி. அவ்வாண்டுத் தேர்வு வினாத்தாள் கசிவு வழக்கில் சிக்கி உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், மறுதேர்வு இல்லையென்று முடிந்ததும் நாடறிந்தவை. வழக்கு நடந்த நாட்களில் அலுவலகத்தில் பலரும் அவரிடம் அது பற்றியே பேசினர். அவர் பேசவில்லை, 214க்கு வழக்கு என்ன செய்யும் என்று மட்டும் சொன்னார்.

2025 மே 4 ஆம் நாள் இரண்டாம் முறை. இயற்பியல் மிகக் கடினம் என்று எல்லாரும் புலம்பிய ஆண்டு. அவருக்கு 331. இடம் கிடைக்கவில்லை. ஆனால் 117 மதிப்பெண் ஏறியிருந்தது. இயற்பியல் 91க்காரர் என்று யாரும் சொல்ல முடியாது.

வயது கடந்து படிக்க வந்தோர் புதியோர் அல்லர். ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 2020 இல் தம் 64 ஆம் வயதில் நீட் தேர்வில் தேறிப் பூர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தர்மபுரிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 61 ஆம் வயதில் தேறி, 2022 சனவரியில் கலந்தாய்வு வரை வந்து, இளையவர் ஒருவருக்கு அவ்விடம் போகட்டும் என்று விட்டுக்கொடுத்துத் திரும்பினார். செய்தித்தாள்கள் அவரைப் புகழ்ந்தன, தகும். ஆயினும் அந்தப் புகழில் நமக்கொரு சிறு உறுத்தல் உண்டு. மூத்தவர் விலகியதைப் பாராட்டிய அளவுக்கு, அவர் தேறியதை எவரும் பாராட்டவில்லை. முப்பது வயதுக்காரர் ஒருவர் சேர்ந்தால், ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் இடத்தைப் பறித்தார் என்று நாளை இவரையும் சொல்வார்கள். அறுபது வயது வரை பார்த்தாலும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாடு பார்க்கப் போகிறவர், எதைப் பறித்தவர் ஆவார்?

கால்நடை மருத்துவ வரலாற்றிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. 1868 இல் பிறந்த ஐலீன் கஸ்ட் என்னும் அயர்லாந்துப் பெண்மணி எடின்பரோவில் முழுப் படிப்பும் படித்தார். பெண் என்பதால் 1897 இல் இலண்டன் அரச கழகம் அவரைத் தேர்வெழுத விடவில்லை. பட்டம் இல்லாமலே அயர்லாந்துக் கிராமங்களில் மாடும் குதிரையும் பார்த்து வந்தார். 1919 இல் சட்டம் மாறியது. 1922 இல் தேர்வுக்கு நின்று, 54 ஆம் வயதில், பிரிட்டனின் முதல் பெண் கால்நடை மருத்துவராகப் பதிவு பெற்றார். ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் உலகறிந்தவர், பள்ளிக் கணக்கில் பின்தங்கிய பிள்ளை. அது ஒரு பொருட்டல்ல என்று கல்லூரி முதல்வரே சொல்லச் சேர்ந்தார். 1933 இல் கிளாஸ்கோவில் நுழைந்து, ஐந்தாண்டுப் படிப்பை ஆறாண்டுக்கு மேல் படித்து 1939 இல்தான் வெளிவந்தார். அமெரிக்காவில் குடியேறிய நம் உறவினர் பிள்ளைகள் சொல்வார்கள்: அங்கே பல கல்லூரிகள் பழைய மதிப்பெண்ணோடு, கடைசியாகப் படித்த பாடங்களின் மதிப்பெண்ணைத் தனியே கணிக்குமாம், விலங்குகளோடு எத்தனை மணி நேரம் பழகினாய் என்றும் கேட்குமாம். அந்தக் கேள்வியை நம் நாட்டில் எவரேனும் கேட்டிருந்தால், இரண்டு பசுவுக்கு நடுவே வளர்ந்த நம்மவர் முதல் வரிசையில் நின்றிருப்பார்.

இதைச் சொல்வதால் தேர்வே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பசு, குதிரை, ஆடு, நாய், கோழி என்று ஒவ்வொன்றின் எலும்பும் நரம்பும் தனித்தனியே கற்க வேண்டும். நோய்க்கூறு, நுண்ணுயிர், ஒட்டுண்ணி, அறுவை என்று அடுக்கடுக்காகப் பாடங்கள். மடிநோய்க்கும் சப்பை நோய்க்கும் மருந்து ஒன்றன்று. நம் முன்னோரின் மாட்டு வாகடச் சுவடிகளே நோய்களை அத்தனை வகையாகப் பிரித்திருக்கின்றன. வெக்கை நோய் 2011 இல் உலகிலிருந்தே ஒழிந்தது என்றால், அது படித்தவர் கைகளால் நடந்தது. படிக்கத் திறம் உள்ளவரா என்று சோதிப்பது முறையே. பதினேழு வயதில் மட்டும் சோதிப்பது போதாது என்கிறோம், அவ்வளவே.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அவர் பேருந்து பாலோடு வழியாகப் போகும். கால்நடைத் தடுப்பு மருந்துகள் உண்டாக்கும் அரசு நிலையம் அங்கிருக்கிறது. அவ்விடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

2026 தேர்வுக்கு மூன்றாம் முறை விண்ணப்பித்தார். இம்முறை படிவத்தை நம்மிடம் கொண்டு வரவில்லை. தாமே நிரப்பி முடித்து, சரிபார்க்க மட்டும் காட்டினார். பிழை ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து அவர் தாயார் நம் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். பெண் பார்த்த விவரம் சொல்லப் போகிறார் என்று நம் இல்லாள் ஆவலோடு எடுத்தாள்.

"பரிச்ச என்னைக்கி தாயி? செவல மாடு மே மாசம் ஈனும் போலிருக்கு. பரிச்ச அன்னைக்கே ஈனிச்சின்னாலும் அவனுக்குச் சொல்லிராத. சொன்னா எழுதுறத விட்டுட்டு இங்க வந்து நிப்பான். பக்கத்து வீட்டு ஆளுவள வச்சு நான் பாத்துக்கிடுதேன்."